ஒழுங்கிழந்த நாடியில் ஒழுங்கை அளத்தல்

எங்கள் அரபிக் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு, முற்கால அறிவியல் உரைநடைக்கு எடுத்துக்காட்டாக, இப்னு ஸீனாவின் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலில் நாடி பற்றி அமைந்துள்ள பகுதியை நடத்துவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், ஒரு நாடியைச் சமமற்றது என்று சொல்லிவிட்ட பிறகு, அதையே ஒழுங்கானது என்று எப்படிச் சொல்ல முடியும்?” என்று வினவினார். சொற்பொருளை விளக்கி அன்று நான் விடையளித்தேன். ஆயினும் அவ்வினாவின் ஆழம், என் மூத்த சகோதரரின் இதயம் ஒழுங்கிழந்து துடிக்கத் தொடங்கிய பின்னரே எனக்குப் புலப்பட்டது. இதயத்தின் மின்னியக்கம் ஒழுங்கிழக்கும்போது அதன் பகுதிகளுக்கிடையே எஞ்சியிருக்கும் இசைவை இன்றைய மருத்துவம் எவ்வாறு அளக்கிறது என்பதை அவ்வினாவின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்னு ஸீனாவின் பாகுபாடு

இப்னு ஸீனா (980–1037) ஐந்து பாகங்களாக இயற்றிய அல்கானூனின் முதற்பாகத்தில் நாடி விரிவாகப் பேசப்படுகிறது. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் நாடி குறித்து எழுதிய பல நூல்கள் அவருக்கு அடிப்படையாக அமைந்தன. நாடியின் நிலையை அறிய மருத்துவர்கள் பத்து வகைக் கூறுகளை நோக்குவர் என்கிறார் அவர். நாடியின் பருமன், வலிமை, வேகம், குழாயின் மென்மை அல்லது கடினம், வெப்பம், துடிப்புகளுக்கிடையே உள்ள ஓய்வு முதலியன அவற்றுள் அடங்கும்.

நமக்கு இங்கு வேண்டியவை இரண்டு கூறுகள். துடிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பின் நாடி ‘முஸ்தவீ’, அதாவது சமமானது. ஒவ்வாதிருப்பின் ‘முக்தலிஃப்’, அதாவது வேறுபட்டது. இது ஒரு கூறு. அந்த வேறுபாடே ஒரு முறைப்படி திரும்பத் திரும்ப வருமாயின் அது ‘முன்தளிம்’, ஒழுங்குடையது. எம்முறையும் இன்றி வருமாயின் ‘ஃகைரு முன்தளிம்’, ஒழுங்கற்றது. இது மற்றொரு கூறு. மூன்று வலிய துடிப்புகளும் ஒரு மெலிந்த துடிப்புமாக ஒரு நாடி இடைவிடாது சுழன்று வருவதாகக் கொள்வோம். அது சமமற்றது, எனினும் ஒழுங்குடையது. என் மாணவரின் வினாவுக்கு விடை இதுவே. ஒரு தனித் துடிப்பை மட்டும் நோக்கினால் அந்த ஒழுங்கு தென்படாது. பல துடிப்புகளைத் தொடர்ந்து நோக்கி, அவற்றிடையே உள்ள உறவை அறியும்போதே அது தென்படும்.

இதே பாகுபாட்டை இன்றைய இதய மருத்துவர்களும் கையாளுகின்றனர். ஒழுங்கான ஒழுங்கின்மை, ஒழுங்கற்ற ஒழுங்கின்மை என்று அவர்கள் இரண்டாகப் பிரிப்பர். இரண்டாவது வகை நாடி கையில் தட்டுப்பட்டால் அவர்கள் முதலில் ஐயுறுவது, ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ எனப்படும் மேலறை நடுக்கத்தையே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இன்றைய அறிவியல் கண்டவை யாவும் நம் முன்னோர் நூல்களில் முன்பே கூறப்பட்டுவிட்டன என்று பெருமைகொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. இப்னு ஸீனா நாடி வகைகளை மான் துள்ளல், எலிவால், எறும்பு, புழு, ரம்பம் ஆகியவற்றின் பெயர்களால் குறிப்பிட்டார். இதயத்தின் கீழறைகள் நடுங்கும்போது அவை புழுக்கள் நிறைந்த பை போல நெளிவதாக இக்கால அறுவை மருத்துவர்கள் வருணிக்கின்றனர். இவ்விரண்டையும் இணைத்து, இப்னு ஸீனா இதனையே கூறினார் என்று ஒருவர் எழுதிவிடக் கூடும். அது பிழையாகும். அவருடைய ‘தூதி’ என்னும் புழுநாடி, மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு துடிப்பு. கீழறைகள் நடுங்கும்போதோ மணிக்கட்டில் நாடியே இராது. இதயத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதை அறியும் வழி அவர் காலத்தில் இல்லை. அவரிடம் நாம் பெறத்தக்கது ஒரு நல்ல வினா: ஒழுங்கின்மைக்குள் ஒழுங்கு உண்டா? உண்டெனில் அதை எவ்வாறு அறிவது?

இதயத்தின் வழமையான இசைவு

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்னும் சிறு திசுத் தொகுதி உள்ளது. கீத், ஃபிளாக் என்னும் இருவர் 1907இல் இதனை விவரித்தனர். ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை இது மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் இரு மேலறைகளிலும் அலையாகப் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள மற்றொரு முடிச்சை அடைகிறது. ஜப்பானியரான தவாரா 1906இல் விவரித்த முடிச்சு இது. இங்கே தூண்டல் ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. பின்னர் விரைவு இழைகளின் வழியே கீழறைகள் முழுவதையும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் எட்டிவிடுகிறது.

அந்தத் தாமதம் குறையன்று. மேலறைகள் சுருங்கித் தம் குருதியைக் கீழறைகளுக்குள் செலுத்தி முடிக்க அந்த அவகாசம் தேவை. எனவே இதயத்தின் இசைவு என்பது எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் இயங்குவது அன்று. ஒவ்வொரு பகுதியும் மற்றொன்றிலிருந்து உரிய நேரம் தள்ளி இயங்குவதும், அந்த இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு மாறாதிருப்பதுமே இசைவு.

மேலறை நடுக்கத்தில் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. மேலறைகளில் ஒரே அலைக்குப் பதிலாகப் பல அலைகள் அலைந்து திரிகின்றன. நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை தூண்டல்கள் எழுகின்றன. இடைமுடிச்சு அவற்றுள் சிலவற்றை மட்டும், முறையின்றி, கீழே அனுப்புகிறது. ஆகவே நாடி ஒழுங்கற்றதாகிறது. மேலறைகள் முறையாகச் சுருங்காமையால் அங்கே குருதி தேங்கிக் கட்டியாகவும், அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கவும் கூடும். இந்நோய் பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. கீழறைகளில் இதே நடுக்கம் நேருமாயின் இதயம் குருதியை வெளியேற்றுவதே நின்றுபோகும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதும், ஒவ்வொன்றிலும் எஞ்சிய இசைவு எவ்வளவு என்பதை அறிவதும் உயிர் தொடர்பான அலுவல்களாகும்.

ஓரிடத்தில் வைத்த விரல்

மணிக்கட்டில் வைக்கும் விரல் ஓரிடத்து நிகழ்வை மட்டுமே அறியும். இசைவோ இடங்களுக்கிடையே உள்ள உறவு. எனவே அதை அளக்கக் குறைந்தது இரண்டிடங்களை ஒருங்கே நோக்க வேண்டும். இதன் மிக எளிய வடிவத்தைச் செவிலியர்கள் இன்றும் செய்கின்றனர். ஒருவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை எண்ணுவார். அதே நிமிடத்தில் மற்றொருவர் மணிக்கட்டில் நாடியை எண்ணுவார். மேலறை நடுக்கத்தில் இரு எண்ணிக்கைகளும் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. கீழறை நிரம்புவதற்கு முன்பே எழும் சில துடிப்புகள் வலுவின்றி மணிக்கட்டை எட்டாமற் போவதே காரணம்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி, கழுத்துச் சிரையின் அசைவையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே தாளில் மையால் வரையும் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். நிரந்தரமாக ஒழுங்கிழந்த நாடியுடையோரிடம், மேலறை சுருங்குவதைக் காட்டும் அலை கழுத்தில் மறைந்துபோவதைக் கண்டார். மேலறை செயலிழந்துவிட்டதாக முதலில் அவர் கருதினார். அது செயலிழக்கவில்லை, இடையறாது நடுங்கிக்கொண்டிருக்கிறது என்பதை 1909இல் தாமஸ் லூயிஸ் மின்பதிவின் துணையால் நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் ஆகிய இருவரும் அதே முடிவை எட்டினர்.

லூயிஸுக்குத் துணைநின்ற கருவியின் வரலாறு அதற்குச் சற்று முன்னர்த் தொடங்குகிறது. மனித இதயத்தின் மின்னியக்கத்தை உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலில் பதிவுசெய்தவர் லண்டனில் பணியாற்றிய அகஸ்டஸ் வாலர், ஆண்டு 1887. ஹாலந்தின் லைடன் நகரில் எயின்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த நுண்ணிய கம்பி மின்மானி அதனைத் தெளிவான பதிவாக்கியது. அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிட்டியது. இன்று நாம் ஈ.சி.ஜி. என்றழைப்பது அதன் வழித்தோன்றலே.

ஈ.சி.ஜி. காட்டாதது

என் சகோதரர் நெஞ்சுக்குள் குருவி சிறகடிப்பது போல இருப்பதாகச் சொன்னபோது எடுக்கப்பட்ட ஈ.சி.ஜி. முற்றிலும் சீராக இருந்தது. “ஒன்றுமில்லையாம், என் மனப்பிரமைதான்” என்றார் அவர். ஆனால் வழமையான ஈ.சி.ஜி. பதிவு ஏறத்தாழ பத்து விநாடிகளையே காட்டுகிறது. வந்துபோகும் நடுக்கம் அந்தப் பத்து விநாடிகளில் வராதிருக்கலாம். பின்னர் ஒருநாள் முழுவதும் உடலோடு அணிந்திருக்கும் ஹோல்டர் கருவி பொருத்தப்பட்டபோது, பின்னிரவில் நாற்பது நிமிட நேரம் மேலறை நடுங்கியது பதிவாகியிருந்தது.

இது நேரத்தால் வந்த குறை. இடத்தால் வரும் குறை இதனினும் ஆழமானது. ஹிஃப்ழு மத்ரஸாவின் அருகே நடந்துசென்றவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஐம்பது சிறுவர்கள் தத்தம் பாடத்தைத் தனித்தனியே உரக்க ஓதுகையில், தெருவில் நிற்பவர் காதில் விழுவது ஒரு ரீங்காரம் மட்டுமே. எந்தச் சிறுவனின் குரலும் தாழ்ந்ததன்று. அவை ஒன்றோடொன்று கலந்து தெளிவை இழந்துவிட்டன. அதே ஐம்பது பேரும் ஒரே வாசகத்தைச் சேர்ந்து ஓதினால் தெருவிலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். மேற்பரப்பு ஈ.சி.ஜி. தெருவில் நிற்பவரைப் போன்றது. அது இதயத்தின் எல்லா மின்னலைகளின் கூட்டுத்தொகை. நடுக்கத்தின்போது அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் பதிவில் சிறு நெளிவுகளே எஞ்சும். அவற்றின் சிறுமை, தசை ஓய்ந்துவிட்டதைக் காட்டுவதன்று. இசைவை அளக்க வேண்டுமெனில் மத்ரஸாவின் உள்ளே சென்று பல மூலைகளில் செவிசாய்க்க வேண்டும். கால் சிரையின் வழியே இதயத்திற்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாயின் நுனியில் உள்ள மின்முனைகள் இதனையே செய்கின்றன.

இரண்டு கடிகாரங்கள்

பல முனைகளிலிருந்து பதிவுகள் கிடைத்த பின், இசைவை ஓர் எண்ணாக எவ்வாறு கூறுவது? எங்கள் கல்லூரியில் நூலகத்தில் ஒரு கடிகாரமும் உணவுக்கூடத்தில் ஒரு கடிகாரமும் உள்ளன. இரண்டாவது எப்போதும் ஐந்து நிமிடம் பின்தங்கியே காட்டும். இவை ஒத்த நேரம் காட்டாவிடினும் இசைவுடையவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்லிவிடலாம். மாறாக, இடைவெளி ஒருமுறை ஐந்து, மறுமுறை இருபது, பின்னர் இரண்டு என மாறிக்கொண்டிருந்தால் அவற்றிடையே இசைவில்லை.

மின்பதிவுகளை ஆராய்வோர் கையாளும் ‘கோஹிரன்ஸ்’ என்னும் அளவையின் சாரம் இதுவே. இரண்டு பதிவுகளையும் அவற்றிலடங்கிய வெவ்வேறு அதிர்வெண்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரண்டிற்கும் இடையே உள்ள உறவு, நேரத் துண்டுக்கு நேரத் துண்டு மாறாதிருக்கிறதா என்று கணிக்கின்றனர். விடை 0 முதல் 1 வரையிலான ஓர் எண். உறவு முற்றிலும் நிலையானதெனில் 1. உறவே இல்லையெனில் 0. ரோப்பெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கமுள்ள இதயத்தையும் நடுக்கமற்ற வேறு விரைவுத் துடிப்புகளையும் இவ்வெண்ணால் பிரித்தறிய முடியும் என்று காட்டினர். இரண்டிலும் துடிப்பு மிக விரைவாக இருக்கலாம். விரைவை மட்டும் எண்ணும் கருவி இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடலாம். பகுதிகளுக்கிடையே உள்ள உறவோ இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிடுகிறது.

பாட்டெரன், ஸ்மித் ஆகியோர் 1995இல் மற்றொரு வழியைக் கையாண்டனர். மனித மேலறையில் முனைகளுக்கிடையே உள்ள தொலைவு கூடக்கூட, பதிவுகளின் ஒப்புமை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்தனர். சீரான துடிப்பில் தொலைவிலும் ஒப்புமை நிலைத்திருக்கும். நடுக்கத்தில் அது சிறு தொலைவிலேயே தேய்ந்துவிடும். ஆயினும் அருகருகே உள்ள இடங்களில் ஒப்புமை முற்றிலும் மறைவதில்லை. நடுக்கம் முழுக் குழப்பமன்று. அதனுள் சிறுசிறு வட்டாரங்களில் இசைவு எஞ்சியிருக்கிறது.

ஆய்வுக்கூடங்களில், மின்னழுத்தத்திற்கேற்ப ஒளிரும் சாயத்தை விலங்கின் இதயத்தில் ஏற்றிக் காணொளியாகப் பதிவுசெய்யும் முறையும் உண்டு. இதயத் தசையின் ஒவ்வொரு புள்ளியும் தன் துடிப்புச் சுழற்சியில் எக்கட்டத்தில் உள்ளது என்பதை இது காட்டும். கிரே, பெர்ட்சோவ், ஹாலிஃபே ஆகியோர் 1998இல் இம்முறையால், நடுங்கும் இதயத்தில் மின்னலைகள் சில புள்ளிகளைச் சுற்றிச் சுழல்வதைக் காட்டினர். வட துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் சந்திப்பதால் அங்கே இன்ன மணி என்று வரையறுக்க முடியாதது போல, அச்சுழலின் நடுப்புள்ளியில் எல்லாக் கட்டங்களும் சந்திக்கின்றன. அங்கே கட்டம் என்பதே வரையறையற்றுப் போகிறது. இத்தகைய புள்ளிகளின் எண்ணிக்கையும் ஆயுளும் ஒழுங்கின்மையின் அளவைகளாகின்றன.

அளவையின் பொறிகள்

இவ்வெண்களைக் கையாளுவோர் மூன்று பொறிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, பதிவின் நீளம். இரண்டு கடிகாரங்களை ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்தவர் அவற்றின் இடைவெளியைச் சொல்லலாம். அது நிலையானதா என்று சொல்ல முடியாது. கோஹிரன்ஸ் கணக்கிலும் அவ்வாறே. ஒரே நேரத் துண்டைக் கொண்டு கணித்தால், பதிவுகள் எவையாயினும் விடை 1 என்றே வரும். அது இதயத்தின் இசைவன்று, கணக்கின் இயல்பு. பல துண்டுகளின் சராசரியே பொருளுடையது.

இரண்டாவது, பொது மூலம். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு மாணவர்கள் ஒரே மணியோசைக்கு எழுந்தால், அவர்கள் கலந்து பேசி எழுந்ததாகத் தோன்றும். மேலறையில் வைத்த முனைகளில் கீழறையின் வலிய மின்னலையும் தொலைவிலிருந்து பதிவாகும். அதை நீக்காமல் கணித்தால், இல்லாத இசைவு இருப்பதாக எண் காட்டும்.

மூன்றாவது, எண்ணை நோயின் காரணமாகவே கொண்டுவிடுதல். ஃபிரான்ஸின் போர்தோ நகரைச் சேர்ந்த ஐசெகேர் குழுவினர் 1998இல், வந்துபோகும் மேலறை நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரற் சிரைகளின் உள்ளிருந்து எழுவதைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்த 45 நோயாளிகளிடம் காணப்பட்ட 69 பொறிகளில் 94 விழுக்காடு அங்கிருந்தே எழுந்தன. அச்சிரைகளை மின்னியல் முறையில் தனிமைப்படுத்தும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. பின்னர், நீடித்த நடுக்கமுடையோரிடம் பதிவு மிகவும் சிதறிக் காணப்படும் இடங்களையும் சேர்த்துச் சுட்டுவிட்டால் பயன் கூடும் என்று பலர் கருதினர். கருத்து நியாயமாகவே தோன்றியது. ஆனால் 589 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஒப்பாய்வு, அவ்வாறு கூடுதலாகச் சுட்டதனால் நடுக்கம் திரும்புவது குறையவில்லை என்று காட்டியது. பதிவு சிதறியிருக்கும் இடமெல்லாம் நோயின் பிறப்பிடமன்று. சில இடங்கள் வேறெங்கோ எழுந்த அலைகள் வந்து மோதும் இடங்களாகவே இருக்கலாம். ஓர் அளவை சரியாக அளக்கிறது என்பதும், அது எதனை அளக்கிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள்.

விரலும் கருவியும்

கீழறை நடுக்கத்தில் ஆராய்ச்சிக்கு அவகாசமில்லை. அங்கே செய்யத்தக்கது, உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பு முதலுதவி அளிப்பதும், மின்னதிர்ச்சியால் தசை முழுவதையும் ஒருசேரத் தூண்டி, சிதறிய அலைகளுக்குச் செல்ல வழியில்லாமற் செய்வதுமே. அதன்பின் சைனஸ் முடிச்சு மீண்டும் பொறுப்பேற்கும். மனிதரிடம் இது முதன்முதலில் வெற்றிபெற்றது 1947இல், திறந்த மார்பில். உடலுக்குள் பொருத்தப்பட்டுத் தானே அறிந்து அதிர்ச்சி தரும் கருவி 1980இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய கருவி ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டியது, இது உயிரைப் பறிக்கும் விரைவா அல்லது தாங்கத்தக்க விரைவா என்பதையே. பிழையான அதிர்ச்சி மிகுந்த வேதனை தரும். தவறவிட்ட அதிர்ச்சி உயிரைக் கொண்டுபோகும். துடிப்பின் விரைவோடு, மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள உறவையும் நோக்கும் கருவிகள் தோன்றியதன் காரணம் இதுவே.

மேலறை நடுக்கத்தில் அவகாசம் உண்டு, அதை வீணாக்கலாகாது. அது பலரிடம் எவ்வித அறிகுறியும் காட்டாதிருக்கும். அறுபது வயதைக் கடந்தோர் அவ்வப்போது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடியைக் கவனிப்பது நல்லது. எண்ணிக்கையோடு, துடிப்புகளுக்கிடையே முறையுண்டா என்பதையும் நோக்க வேண்டும். எம்முறைக்கும் அடங்காத நாடி தென்பட்டால் மருத்துவரை நாட வேண்டும். தகுதியுடைய நோயாளிகளுக்குக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகள் பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. அம்மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர் வயதையும் பிற நோய்களையும் வைத்தே முடிவு செய்வார்.

என் சகோதரர் இப்போது அம்மருந்தை உட்கொண்டு நலமாக இருக்கிறார். சிகிச்சையின்போது அவருடைய இதயத்தினுள் எடுத்த பதிவுகளை மருத்துவர் எனக்குக் காட்டினார். திரையில் பத்துக் கோடுகள் ஓடின. நடுக்கத்தின்போது அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றின. மருத்துவர் அருகருகே உள்ள இரண்டு கோடுகளைச் சுட்டி, “இவற்றைச் சற்று நேரம் தொடர்ந்து பாருங்கள்” என்றார். சில விநாடிகளில், ஒன்றை மற்றொன்று சிறிது தூரம் பின்தொடர்வதும் பின்னர் விட்டுப் பிரிவதும் எனக்கும் தெரிந்தது. சமமற்றது, எனினும் முற்றிலும் ஒழுங்கற்றதன்று. அடுத்த ஆண்டு நாடிப் பாடத்தை நடத்தியபோது, பழைய மாணவரின் வினாவை நானே வகுப்பில் எழுப்பினேன். பத்து விநாடிகளை மட்டும் பார்த்து விடை சொல்லக் கூடாது என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன்.